உடம்பை ஏமாற்றப் போன இருவர்

காமு காலையில் ஆறரை மணிக்குக் கண் விழித்தபோது போனில் நாற்பத்தேழு வாட்ஸ்அப் செய்திகள் காத்திருந்தன. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாம குரூப்பில் இத்தனை பேர் ஒரே சமயத்தில் வாயைத் திறப்பது சாவுக்கு மட்டும்தான்.

யாரும் சாகவில்லை. முந்தைய நாள் சாயங்காலம் ஜகதாம்பாள் தான் பாடிய கீர்த்தனை ஒன்றைப் பதிவு செய்து குரூப்பில் போட்டிருந்தாள். எல்லோரும் வழக்கம்போல் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ராத்திரி ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு, காமுவின் பெயரில் இப்படி இருந்தது: "ஜகதா, நீ பாடறதை நிறுத்தினா லேக்ல இருக்கற மீனாவது நிம்மதியா தூங்கும்." அடுத்த நிமிஷம் இன்னொன்று: "இது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் சொல்ல தைரியம் இல்லை." மூன்றாவதாக, எதற்கென்று தெரியாமல், ஒரு கத்தரிக்காய்ப் படம்.

இதில் ஒரு எழுத்துகூட காமுவுக்கு ஞாபகமில்லை.

சமையலறைக்குப் போனாள். அவள் கணவர் நரேன் கையில் வாணலியோடு நின்றுகொண்டிருந்தார். வாணலியில் கருகிய எண்ணெய். மேடை முழுக்க அப்பளத் துண்டுகள்.

"நடுராத்திரி அப்பளம் பொரிச்சியா?"

"நான் எங்கே பொரிச்சேன்? தூங்கிண்டிருந்தேன்."

"அப்போ திருடன் வந்து பொரிச்சு சாப்ட்டு, அடுப்பை அணைச்சுட்டு, பாத்திரத்தை மட்டும் தேய்க்காம போயிருக்கான். ரொம்ப வேண்டியவனா இருப்பான் போல."

காமு சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்தது அவள்தான் என்றால் அணைக்காமல் போயிருக்கக் கூடியவளும் அவள்தான்.  அந்த எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஜகதாம்பாளை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தாள். அதுதான் இப்போதைக்குப் பெரிய தீ.

காமுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் ஒரு அரசு வங்கிக் கிளையில் அதிகாரி. ரிடையராக இன்னும் ஒன்றரை வருஷம். லேக் மார்க்கெட்டில் மூன்றாம் மாடியில் வீடு. கிளையில் அவளுக்குக் கோபமே வராது என்று பெயர். வாடிக்கையாளர் மேஜையைத் தட்டிக் கத்தினாலும் "போஷுன் தாதா, ஜல் காபேன்?" என்று பெங்காலியில் கேட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். அப்படிப்பட்டவள் மீன், கத்தரிக்காய் என்று இறங்கியதற்குக் காரணம் சோல்பிடெம் என்ற வெள்ளை மாத்திரை.

ஆறு வருஷத்துக்கு முன்பு அவளுடைய வங்கியை இன்னொரு வங்கியோடு இணைத்தார்கள். கம்ப்யூட்டர் முறை மாறியது, மேலதிகாரிகள் மாறினார்கள், போதாக்குறைக்கு மாதவிடாய் நின்று ராத்திரியெல்லாம் உடம்பு தோசைக்கல் மாதிரி கொதித்தது. மூன்று மாதம் தூக்கமில்லை. பேட்டை டாக்டர் பாதி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பத்து நாளுக்கு மட்டும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டார். முதல் ராத்திரி அந்தப் பாதியைப் போட்டுக்கொண்டு படுத்தவள், யாரோ மெயின் சுவிட்சை அணைத்தது போல் தூங்கினாள். காலையில் எழுந்து அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

ஆறு மாதத்தில் பாதி போதவில்லை. முழுசாக்கினாள். அதுவும் ஒரு வருஷத்தில் சுண்ணாம்பு விழுங்குவது போல் ஆயிற்று. ஒன்றரை. பிறகு இரண்டு. அடிக்கோடு போட்ட டாக்டர் பிராக்டிஸை மூடிவிட்டு மகளோடு புணேவுக்குப் போய்விட்டார்; அவர் சீட்டு மட்டும் காமுவிடம் தங்கிவிட்டது. அதை நகல் எடுத்து, தேதியின் மேல் ஒயிட்னர் தடவி, புதுத் தேதி எழுதி மறுபடி நகல் எடுப்பாள். காசோலையில் தேதி திருத்தியிருந்தால் மூன்றடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவள் அவள். லேக் மார்க்கெட்டில் ஒரு கடை, டாலிகஞ்சில் ஒன்று, பெஹாலாவில் வங்கிக்கு எதிரே ஒன்று. ஒவ்வொரு கடைக்காரரும் தன்னிடம் மட்டும்தான் வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பதாக நம்பினாள். அட்டைகளைப் பூஜை அலமாரியில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். நரேன் நாத்திகர் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் போகிறவரும் இல்லை.

அன்று சாயங்காலமே ஜகதாம்பாள் வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான். ஜகதாம்பாள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. மகன் ரோஹித்தோடு இருந்தாள். கதவைத் திறந்தவள் வா என்று சொல்லவில்லை.

"ஜகதா, சத்தியமா அது நான் எழுதலை. தூக்க மாத்திரை போட்டுக்கறேன். அது எழுதித்து."

"மீனைப் பத்தி?"

"அதுவும் மாத்திரைதான்."

"ஓஹோ. மாத்திரைக்கு சங்கீதம் வேற தெரியுமோ?"

காமு தலையைக் குனிந்துகொண்டாள். ஜகதாம்பாள் கதவைச் சாத்தப் போனாள். பாதி சாத்தியவள் நிறுத்தினாள்.

"எந்த மாத்திரை?"

காமு சொன்னாள்.

"எத்தனை போட்டுக்கறே?"

"ரெண்டு. அப்படியும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடறது."

ஜகதாம்பாள் வராந்தாவின் இரு பக்கமும் பார்த்தாள். "உள்ளே வா" என்றாள்.

உள்ளே போனதும் பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து திறந்தாள். உள்ளே பிஸ்கட் இல்லை. அவள் பதினாலு வருஷமாக அல்பிராசோலம் சாப்பிட்டு வந்தாள். கணவர் போன மாதத்தில் கால் மில்லிகிராமில் ஆரம்பித்தது, இப்போது ஒரு மில்லிகிராம். அவளுக்கும் போதவில்லை. ரோஹித்துக்குத் தெரியாது. சகஸ்ரநாம குரூப்பில் இன்னும் நாலு பேர் ஏதேதோ போட்டுக்கொள்கிறார்கள் என்றும் அவள் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் ஆயிரம் நாமமும் சொல்லி முடித்துச் சுண்டல் கொடுக்கிற நேரத்தில் உள்ளறையில் மெல்லிய குரலில் நடக்கிற பேச்சு எதைப் பற்றி என்று காமுவுக்கு அன்றுதான் புரிந்தது. இத்தனை நாள் தன்னைப் பற்றிப் புறம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் ஜகதாம்பாள். முப்பது வருஷம் கரும்பலகையில் வரைபடம் போட்டவள் என்பதால் அவள் எதைச் சொன்னாலும் படம் வரைந்து பாகங்களைக் குறித்தது போல் தெளிவாக இருக்கும். "உடம்பு ஒரே மாத்திரையைப் பார்த்துப் பார்த்து மதிக்கறதை விட்டுடுத்து. ஆளை மாத்தணும். ரெண்டு வாரம் என்னோடதை நீ போட்டுக்கோ, உன்னோடதை நான் போட்டுக்கறேன். உடம்பு அசந்துபோயிடும். அப்பறம் அவாவா மாத்திரைக்குத் திரும்பினா பாதியே போறும்."

"டாக்டரைக் கேக்க வேண்டாமா?"

"எந்த டாக்டரை? உன்னோடவர் புணேல இருக்கார். என்னோட டாக்டர் மாலை போட்ட போட்டோல இருக்கார்."

காமுவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். ஜகதாம்பாள் காலண்டரில் பதினாலு நாளைப் பென்சிலால் வட்டமிட்டாள். மீன் விவகாரம் தற்காலிகமாக மன்னிக்கப்பட்டது.

அன்று ராத்திரி காமு ஏழு மணி நேரம் தூங்கினாள். யாருக்கும் செய்தி அனுப்பவில்லை, எதையும் பொரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்தத் தூக்கம் அவளை விடமாட்டேன் என்றது. பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் தெரியும். "மாஷிமா, நாமுன், நாமுன்!" என்று இறங்கச் சொல்லிக் கண்டக்டர் தோளைத் தட்டியபோது பெஹாலா எப்போதோ போய், ஜோக்காவில் பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. கிளைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனாள். அன்று முழுக்கத் தலைக்குள் ஈரப் பஞ்சு. இது உடம்பு அசந்துபோகிற அறிகுறிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜகதாம்பாளின் நிலைமை வேறு. ஞாயிறு ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கினாள். திங்கள் ராத்திரி கண்ணே மூடவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் காபி டம்ளர் கையில் நிற்கவில்லை. "பழகிண்டு வரது" என்று காமுவிடம் போனில் சொன்னாள். புதன்கிழமை பதினோரு மணிக்கு வாழைப்பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போனவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, வியர்த்துக் கொட்டியது, கை கால் உதறியது. காய்காரி அவளைக் கவிழ்த்த கூடையில் உட்கார வைத்து, அவள் போனை வாங்கி ரோஹித்தைக் கூப்பிட்டாள். அவன் செக்டார் ஃபைவ் ஆபீசில் ஏதோ மீட்டிங்கில் இருந்தான், எடுக்கவில்லை. அடுத்த எண் காமுவுடையது.

காமு மேனேஜரிடம் "சொந்தக்காரருக்கு ஹார்ட் அட்டாக்" என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தாள். தாராதலாவில் டிராஃபிக்கில் நின்றபோது, இவள் செத்துப்போனால் அந்த வாட்ஸ்அப் செய்திதான் நான் அவளுக்குச் சொன்ன கடைசி வார்த்தையாகக் குரூப்பில் நிற்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

அதற்குள் காய்காரியும் இன்னும் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஜகதாம்பாளைப் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு எதுவும் இல்லை. நாடித்துடிப்பு மட்டும் நூற்று முப்பது. ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். ட்யூட்டியில் இருந்த இளம் டாக்டர் ஜகதாம்பாளின் நடுங்குகிற விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெங்காலியில் மெதுவாகக் கேட்டார்.

"மாஷிமா, என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"தைராய்டுக்கு மட்டும்," என்றாள் ஜகதாம்பாள்.

"வேற எதுவும் இல்லையா?"

"இல்லை."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க. தினம் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா இப்படி ஆகும். நீங்க... ஏதாவது... ராத்திரியில கொஞ்சம்?"

சரியாக அந்த நேரத்தில்தான் ரோஹித் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தான். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை ஊஞ்சலாடியது. டாக்டரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவனுக்குத் தமிழைவிட பெங்காலி நன்றாக வரும். அதிர்ச்சியில் அதுதான் வந்தது.

"மா, துமி மோத் காவ்?"

குடிக்கிறாயா என்று பெற்ற மகன் கேட்கிறான். ஜகதாம்பாள் வாயைத் திறந்தாள்.  பதினாலு வருஷ மாத்திரையா, குடியா, எதை ஒப்புக்கொண்டால் கௌரவம் குறைவாகப் போகும் என்று அந்த நிலைமையிலும் அவள் கணக்குப் போடுவது காமுவுக்குத் தெரிந்தது. போர்வைக்கு அடியில் அவள் கை காமுவின் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தது. சொல்லாதே என்று அர்த்தம்.

காமு சொல்லாமல் இருக்கத்தான் விரும்பினாள். ஜகதாம்பாளைப் பற்றிச் சொன்னால் தன்னைப் பற்றியும் சொல்லவேண்டும். சீட்டு, ஒயிட்னர், மூன்று கடை எல்லாம் வெளியே வரும். ஆனால் ஜகதாம்பாளின் பற்கள் கிடுகிடுவென்று மோதிக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"அவ குடிக்கலை," என்றாள். "பதினாலு வருஷமா அல்பிராசோலம். ராத்திரிக்கு ஒரு மில்லிகிராம். மூணு நாளா நிறுத்தியாச்சு. ஏன்னா அவ மாத்திரை எல்லாம் என்கிட்ட இருக்கு."

கைப்பையைத் திறந்து அட்டைகளைப் படுக்கையில் வைத்தாள்.

டாக்டருக்கு முகமே மாறியது. "திடீர்னா நிறுத்தினீங்க? இதுல வலிப்பு வரும், தெரியுமா? உயிருக்கே ஆபத்து." நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஒரு ராத்திரி அங்கேயே இருக்க வேண்டும் என்றார். பிறகு காமுவைப் பார்த்து, "இதை யார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் ஜகதாம்பாள் படுக்கையிலிருந்து. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுடைய பாட்டு முழுவதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று காமுவுக்குத் தோன்றியது.

வெளியே வராந்தாவில் ரோஹித் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். "ஆன்ட்டி, நீங்க பேங்க் ஆபீசர். அம்மா டீச்சர். எங்க ஆபீஸ்ல இருபத்தஞ்சு வயசுப் பசங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க."

 அவன் ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தான். காமு அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து நரேனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்துபோய்ப் பூஜை அலமாரியைத் திறந்து, பிள்ளையார் படத்தை நகர்த்தி, பின்னாலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். பதினொன்று இருந்தன. எப்போதும் ஏதாவது கிண்டல் சொல்கிறவர் அன்று சொல்லவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, காமு."

"நீங்க தூங்கிண்டிருந்தேள்."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா."

நரேன் தலையணையில் தலை வைத்த நான்காவது நிமிஷம் தூங்கிவிடுகிறவர். அந்த வரத்தைப் பற்றி அவர் வெட்கப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

ட்யூட்டி டாக்டர் எழுதிக்கொடுத்தபடி அடுத்த வாரம் இருவரும் டாலிகஞ்சில் டாக்டர் மௌசுமி கோஷால் என்ற மனநல மருத்துவரிடம் போனார்கள். ஜகதாம்பாள் முதலில் மறுத்தாள். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்றாள். "நாம பண்ணினது வேற என்னவாம்?" என்றாள் காமு. காத்திருக்கும் அறையில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் துணைக்கு வந்ததாக ஒருத்தி மற்றவளைக் காட்டுவது என்று ஏற்பாடு. இருவருக்கும் அந்த ஏற்பாடு திருப்தியாக இருந்தது.

டாக்டர் கோஷாலுக்கு ஐம்பது வயது இருக்கும். கனமான கண்ணாடி. மாத்திரைகளை மாற்றிக்கொண்ட திட்டத்தை ஜகதாம்பாள் விளக்கியபோது குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், "நீங்க என்ன சப்ஜெக்ட் டீச்சர்?" என்று கேட்டார்.

"ஜியாக்ரஃபி."

"நல்ல வேளை, கெமிஸ்ட்ரி இல்ல."

பிறகு அவர் சொன்னது நீளமானது, சுவாரசியமில்லாதது. மாத்திரை பழகிப்போனால் கூட்டுவதும் தப்பு, சட்டென்று நிறுத்துவதும் தப்பு. இரண்டும் வேறு வேறு மருந்து, ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. ஜகதாம்பாள் பழைய அளவிலேயே கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மிக மிக மெல்லக் குறைக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். காமு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் மாத்திரை குறைக்க வேண்டும். முடியாவிட்டால் அதே படியில் நிற்கலாம், ஏறக் கூடாது. பதினொன்றரைக்கு முன்னால் படுக்கக் கூடாது. ஐந்தரைக்கு எழுந்தே ஆகவேண்டும். தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வந்து வேறு அறையில் உட்கார வேண்டும். போன் படுக்கையறைக்குள் வரக் கூடாது. மத்தியானம் தூங்கவே கூடாது.

கடைசி விதியைக் கேட்டதும் ஜகதாம்பாள் பதறினாள். "டாக்டர், இது கல்கத்தா. மத்தியானம் சாதம் சாப்ட்டுட்டு இந்த ஊர்ல கவர்ன்மென்ட்டே தூங்கறது."

"நீங்க தூங்கக் கூடாது," என்றார் டாக்டர். "அப்பறம் காமு தீதி, நீங்க அந்த மூணு கடைக்கும் போய், இனிமே எனக்கு இதைக் கொடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வரணும். நேர்ல."

காமுவுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கசப்பான மாத்திரை. சனிக்கிழமை போனாள். முதலில் வங்கிக்கு எதிரே இருந்த பெஹாலா கடை. கடைக்காரர் காதில் பென்சில் செருகியபடி கேட்டுக்கொண்டார்.

"சரி தீதி. டாலிகஞ்ச் கடைக்குப் போக வேண்டாம். அது என் மச்சானோடது. நானே சொல்லிடறேன்."

காமுவுக்குக் காது சுட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும். லேக் மார்க்கெட் கடைப் பையனும் எங்ககிட்டதான் வேலை கத்துக்கிட்டான். உங்க வீட்டுல ஏழெட்டுப் பேர் இருக்காங்கன்னு நினைச்சோம். தமிழ்க்காரங்க, கூட்டுக் குடும்பம்." கொஞ்சம் தயங்கினார். "அந்தத் தேதியை மட்டும் நல்ல ஒயிட்னரா போட்டிருக்கலாம்."

காமுவுக்குக் கோபம் வந்தது. தெரிந்தே விற்றார்களா? "அப்போ ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டாள். அவர் பென்சிலை எடுத்து, பார்த்து, மறுபடி காதில் செருகிக்கொண்டார்.  அவள் கேட்கக் கூடிய இடத்தில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. படியிறங்கினாள்.

குறைப்பது ஆரம்பத்தில் சுலபமாக இருந்தது. இரண்டிலிருந்து ஒன்றே முக்கால், ஒன்றரை, ஒன்றேகால். வாரா வாரம் நரேன் மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டியில் வைத்துக் கறாராக வெட்டிக் கொடுத்தார். உடைந்த பொடியைக்கூடத் தொட விடவில்லை. மத்தியானங்களில் காமு வங்கியிலிருந்து மூன்று மணிக்கு ஜகதாம்பாளுக்கு போன் செய்வாள். விதிப்படி முழித்திருக்கிறாளா என்று பார்க்க. போன் ஐந்து தடவைக்கு மேல் அடித்த பிறகு ஜகதாம்பாள் எடுத்தால் தூங்கியிருக்கிறாள் என்று அர்த்தம்.

"குரல் கம்மறதே. தூங்கினியா?"

"இல்லை. பக்தியில கம்மறது."

"பொய் சொல்லாதே. எழுந்து மூஞ்சியை அலம்பு."

ஒன்றிலிருந்து முக்காலுக்கு இறங்கிய வாரத்தில் எல்லாம் கலைந்தது. நாலு ராத்திரி சேர்த்து காமு ஒன்பது மணி நேரம்கூடத் தூங்கவில்லை. கிளையில் பென்ஷன் வாங்க வந்த பெரியவரிடம் கத்தினாள். போஷுன் தாதா இல்லை, ஜல் இல்லை. ஸ்டாஃப் முழுவதும் தலை நிமிர்ந்து பார்த்தது. ஐந்தாம் ராத்திரி, விதிப்படி எழுந்து ஹாலுக்கு வந்து உட்கார்ந்தாள். மணி இரண்டு. இன்னும் ஒரு முழு மாத்திரை கிடைத்தால் நரேனையே எழுதிக்கொடுத்துவிடலாம் என்று இருந்தது. உள்ளே அலாரம் அடித்தது. நரேன் வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"எதுக்கு அலாரம் வெச்சேள்?"

"உனக்குத் துணைக்கு. ஆறு வருஷத்து பாக்கி இருக்கோல்லியோ."

எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுடைய கிளையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாய் திறந்து, தலை பின்னால் சாய்ந்து, குறட்டை விட்டார். காமு சிரித்தாள். சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படியே கொஞ்சம் அழுதும் முடித்தாள். அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை, ஆனால் எந்த மாத்திரையையும் தேடவும் இல்லை. டாக்டரிடம் சொன்னபோது, "ஒரு மாசம் முக்கால்லயே நில்லுங்க. யாரும் துரத்தலை," என்றார்.

துர்கா பூஜை வந்தது. தெருமுனைப் பந்தலில் ஐந்து நாளும் ஒலிபெருக்கியும் டாக் மேளமும் முழங்கின. ஊரில் ஒருவரும் தூங்காத அந்த வாரத்தில் காமுவுக்கு முதல் முறையாகத் தன் வியாதி வியாதியாகவே தெரியவில்லை. குறைப்பதை அப்போதைக்கு ஒத்திப்போட்டு, ஜகதாம்பாளோடு ராத்திரி பன்னிரண்டு மணி வரை பந்தல் பந்தலாக நடந்தாள். பிறகு அரை, கால். நாலு மாதத்தில் முடிய வேண்டியது ஒன்பது மாதம் இழுத்தது. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் கால் மாத்திரையும் நின்றது. ஐந்து மணி நேரம் தூங்குகிறாள். சில நாள் நாலரை. டாக்டர் கோஷால் அது போதும் என்றார். காமுவுக்கு அது போதவில்லை. எட்டு மணி நேரம் என்று இருபத்தைந்து வயதில் பழகியது மனசிலிருந்து போகவில்லை. போதாததோடு ஆபீசுக்குப் போய் வருகிறாள்.

ஜகதாம்பாள் இப்போது முக்கால் மில்லிகிராமில் இருக்கிறாள். இனிமேல் கீழே போகுமா என்று அவளுக்கே சந்தேகம். கை நடுக்கம் இல்லை. ரோஹித் பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டுவைத்து, மாத்திரையைத் தினம் ஒன்றாக அவனே எடுத்துக் கொடுக்கிறான். இதை அவள் குரூப்பில் எல்லோரும் படிக்கும்படி எழுதினாள். உள்ளறையில் மெல்லப் பேசிக்கொண்டிருந்த மற்ற நாலு பேரில் இரண்டு பேர் தனித்தனியாக அவளைக் கூப்பிட்டு டாக்டரின் முகவரி கேட்டார்கள். மீதி இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்கள்.

மார்ச் மாதக் கடைசியில் வருஷக் கணக்கு முடிக்கிற வேலையில் காமு ஒரு வாரம் தொடர்ந்து இரவு எட்டரைக்கு வீடு வந்தாள். கடைசி நாள் வந்து இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, சோபாவில் உட்கார்ந்து செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பார்த்தபடியே சாய்ந்து தூங்கிவிட்டாள். மணி ஒன்பதேகால். அவள் மடியிலிருந்த போன் அடித்தது. அவள் அசையவில்லை. நரேன் எடுத்தார்.

"காமு எங்கே?" என்றாள் ஜகதாம்பாள்.

"தூங்கறா."

"இப்பவா? மணி என்ன ஆறது! டாக்டர் பதினொண்ணரைன்னு சொல்லியிருக்கா. எழுப்புங்கோ. இப்ப தூங்கினா மூணு மணிக்கு முழிச்சுண்டுடுவா."

"முழிச்சுக்கட்டும்."

"விதின்னா விதி. எழுப்புங்கோ சொல்றேன்!"

"டாக்டரை வந்து எழுப்பச் சொல்லுங்கோ," என்று நரேன் போனை வைத்தார். மறுபடி அடித்தது. அணைத்துவிட்டார். விசிறியின் வேகத்தைக் குறைத்தார், விளக்கை அணைத்தார், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தூங்கிவிட்டார்.

ஜகதாம்பாள் சொன்னது சரிதான். காமு மூன்றேகாலுக்கு விழித்தாள். கழுத்து சுளுக்கியிருந்தது. எழுப்பாததற்காக நரேனை நன்றாகத் திட்டினாள். அவர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சமையலறைக்குப் போய், முழு நினைவோடு, ஆறு அடைக்கு அரிசியும் பருப்பும் ஊறவைத்துவிட்டு, விடிகிற வரை பேப்பர்காரனுக்காகப் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள்.